முருங்கைப் பொடியும் ஒரு நிமிட வீடியோவும்

முருங்கை என்ற பேச்சை எடுத்தாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பன்னிரண்டு வருடமாக அந்த இலையோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியின் தாவர ஆய்வுக்கூடத்தில் வேலை. இலையைப் பறித்து, உலர்த்தி, பொடித்து, சாறெடுத்து, அந்தச் சாறு உயிருள்ள செல்களை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் வீட்டில் முருங்கைக்கீரை சமைத்தே வெகுநாள் ஆகிறது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றால் யாராவது ஒருவர் என்னை உற்று உற்றுப் பார்ப்பார். பிறகு கிட்டே வருவார். "ஏனுங்க மேடம், அந்த முருங்கை வீடியோல பேசுறது நீங்கதானுங்களே?" ஆமாம் என்று சொன்னால் தொலைந்தேன். சர்க்கரைக்கு எத்தனை ஸ்பூன், முடி கொட்டுவதற்கு எத்தனை ஸ்பூன், பேத்திக்கு ரத்தம் கம்மியாக இருக்கிறது அதற்கு எத்தனை ஸ்பூன். "அதெல்லாம் இன்னும் தெரியாதுங்க" என்று நான் உண்மையைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். தெரிந்துகொண்டே மறைக்கிறேனாம். ஒரு பெரிய மனிதர் என் கண்ணெதிரிலேயே பக்கத்து ஆளிடம், "மருந்துக் கம்பெனிக்காரன் இவங்க வாயை அடைச்சுப்போட்டான்" என்றார். என் வாயை எவனாவது அடைக்க முடியுமா? என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த வீடியோ ஒரே ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தால்தான் என் அக்கா வாய் குழறி ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று கொஞ்ச நாள் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஏன் என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

முருங்கை இலையைக் கசக்கி முகர்ந்தால் மூக்கில் சுருக்கென்று ஏறும் ஒரு நெடி உண்டு. கடுகிலும் முள்ளங்கியிலும் இருக்கிற காரத்துக்கு அது பங்காளி. இலை முழுதாக இருக்கும்வரை அந்தக் காரம் இருக்காது. கசக்கும்போதுதான், இலைக்குள் தனித்தனியாக இருக்கிற இரண்டு சமாச்சாரங்கள் ஒன்றாகச் சேர்ந்து அது உண்டாகிறது. சூடு காட்டினால் உண்டாகாது. உலகத்தில் பல ஆய்வுக்கூடங்கள் இப்போது அந்தக் காரத்தின் பின்னால் அலைகின்றன. உடம்பில் வீக்கத்தையும் வலியையும் கிளப்பிவிடுகிற சில பொருள்களை அது குறைக்கிறதாகத் தெரிகிறது. தெரிகிறது என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள்.

நாங்கள் பார்த்தது எதில்? எலியிலிருந்து எடுத்து வளர்க்கிற செல்களில். சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் அவை கிடக்கும். குழிக்குக் குழி முருங்கைச் சாற்றை அளந்து விடுவோம். அந்தச் செல்களுக்கு முட்டி கிடையாது, வயிறு கிடையாது, காலையில் எழுந்து மாத்திரை போடுகிற பழக்கமும் கிடையாது. நிழலில் உலர்த்திய இலை ஒரு விதமாக நடந்துகொள்ளும், உறைய வைத்து உலர்த்திய இலை வேறு விதமாக நடந்துகொள்ளும். ஒரு வருடம் முழுக்க எங்கள் சண்டையே அதுதான். நடுவில் கரண்ட் போய் உலர்த்தும் எந்திரம் நின்று, மூன்று மாத வேலை நாறிப்போய்க் குப்பைக்குப் போனது. இதையெல்லாம் எந்த வீடியோவிலும் யாரும் போடுவதில்லை.

போன வருடம் மூலனூர்ப் பக்கம் முருங்கை விவசாயிகள் ஒரு கூட்டம் போட்டார்கள். அந்தப் பக்கமெல்லாம் முருங்கைதான் வெள்ளாமை. காய் போக இப்போது இலைக்கும் கிராக்கி வந்துவிட்டது. எங்கள் துறைத் தலைவர் என்னைப் போகச் சொன்னார். அன்றைக்குப் பார்த்து எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. சத்தம் போட்டால் காற்றுதான் வந்தது. சட்டையில் குத்திக்கொள்கிற மைக்கைக் கொடுத்து, "மெதுவாப் பேசுங்க மேடம், போதும். கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருந்தா நல்லா வருமுங்க" என்றார் வீடியோ எடுத்தவர். இருபது நிமிடம் மெதுவாக, சிரித்த முகமாகப் பேசினேன். முருங்கை இலையில் உள்ள பொருள் வீக்கத்தையும் வலியையும் குறைக்கிறது என்று சொன்னேன். அடுத்த மூச்சிலேயே, இது தட்டில் வளர்த்த எலிச் செல்லில், மனுசருக்கு இப்படியே நடக்குமா என்று இன்னும் சரியாகத் தெரியாது என்றும் சொன்னேன். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பொடி கிடி சாப்பிடாதீர்கள் என்றும் சொன்னேன்.

எவனோ ஒரு மகராசன் முதல் மூச்சை வைத்துக்கொண்டு அடுத்த மூச்சை வெட்டிவிட்டான். மேலே "கோவைப் பெண் விஞ்ஞானி சொல்லும் ரகசியம்" என்று மஞ்சள் எழுத்தில் தலைப்பு வேறு. ஒரே வாரத்தில் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவுக்கு அது மூன்று தடவை வந்துவிட்டது. "முழுசாப் பாருங்க, பாதியை வெட்டிட்டாங்க" என்று நான் எழுதியதற்குக் கீழே பதினோரு பேர் கும்பிடு பொம்மை போட்டார்கள். ஒருத்தராவது படித்தார்களா என்றால் அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இனி அக்கா. என்னைவிட ஏழு வயது மூத்தவள், சோமனூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். வீட்டை ஒட்டின கொட்டகையில் பவர்லூம் ஓட்டுகிறார். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அக்காவின் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. நாற்பது வயதுக்குமேல், நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியபோதுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். தறி ஓடாத நேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் டிக் டிக் என்று அது கேட்கும்.

உலோக வால்வின்மேல் ரத்தம் உறைந்து கட்டி பிடிக்கும். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும், உயிரே போனாலும் போகும். அதனால் ரத்தம் சீக்கிரம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் ஒரு மாத்திரை. மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. அதில் ஓர் எண் வரும். அக்காவுக்கு அது மூன்றை ஒட்டி இருக்க வேண்டும். கூடினால் ரத்தக் கசிவு, குறைந்தால் கட்டி. கீரையில் இருக்கிற வைட்டமின் கே என்ற சத்து இந்த மாத்திரைக்கு நேர் எதிரி. கீரை அதிகமாக உள்ளே போனால் எண் இறங்கும். முருங்கை இலையில் அந்தச் சத்து எக்கச்சக்கம். இது அக்காவுக்குத் தெரியும். நான்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேனே.

மாதம் ஒரு தடவை அவள் சோமனூரிலிருந்து பஸ் ஏறிக் கோயமுத்தூர் வருவாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு வராந்தாவில் காத்திருப்போம். எண்ணை ஒரு மஞ்சள் அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். அட்டையை முதலில் நான் வாங்கிப் பார்ப்பேன், பிறகுதான் அவள் பார்ப்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மாதம் எண் இரண்டுக்கும் கீழே இறங்கி வந்தது. விசாரித்தால், மாமாவின் ஒறம்பரைச் சொந்தக்காரர்கள் தோட்டத்திலிருந்து ஒரு சாக்கு நிறைய முருங்கைக்கீரை அனுப்பியிருக்கிறார்கள், வீணாகப் போகக் கூடாதே என்று இவள் நாலு நாள் பொரியலும் சாறுமாகத் தின்று தீர்த்திருக்கிறாள். வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டேன். "சின்னக் கொழந்தையாக்கா நீ? வாயைக் கட்ட முடியாதா? நாளைக்கு இழுத்துட்டு விழுந்தா யாரு பாக்கறது? உனக்காக நான் லீவு போட்டு வந்து உக்காந்திருக்கறேன், நீ அங்க கீரையைத் தின்னுட்டு வாரே!" வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்பவுண்டர் ஒருவர் அறையிலிருந்து தலையை நீட்டினார். அக்கா அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி கண்ணு, சரி கண்ணு, இனிமே இல்ல" என்றாள்.

என் குரல் அப்படி. நாங்கள் தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவர்கள். சோறு போடு என்பதையே நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வோம். அக்கறை இருப்பதால்தானே கத்துகிறேன், இல்லாவிட்டால் எனக்கென்ன என்று விட்டுவிட மாட்டேனா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எண் அச்சடித்த மாதிரி வந்தது. மூன்று, இரண்டே முக்கால், மூன்று. ஒரு மாதம்கூடப் பிசகவில்லை. "பாத்தீங்களா மாமா, நாலு போடு போட்டாத்தான் உங்க ஊட்டம்மா கேக்கறா" என்று மாமாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அவரும் சிரித்தார். அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

நடுவில் அவளுக்கு முட்டிவலி வந்தது. மாடிப்படி ஏற முடியவில்லை, கீழே உட்கார்ந்தால் எழ முடியவில்லை. சாதாரண வலி மாத்திரையை அவள் தொடக் கூடாது. ரத்தத்துக்கான மாத்திரையோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். டாக்டர் கொடுத்த லேசான மாத்திரையில் வலி அடங்கவில்லை. போனில் என்னிடம் சொன்னாள். "பொறுத்துக்கோக்கா, உசுரைவிட முட்டி பெருசா?" என்று சொல்லிவிட்டு எலிச் செல்களைப் பார்க்க ஓடினேன். அவற்றின் வீக்கம் குறைகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

அந்தப் போன் வந்தது காலையில், நான் பஸ்ஸில் இருந்தபோது. மாமா. பின்னால் தறிச் சத்தமே இல்லை. "அம்மணி, அக்கா பேசறது வெளங்கலீங்கம்மா. காப்பி டம்ளரு கையிலிருந்து நழுவிப்போச்சு. என்னமோ சொல்றா, வார்த்தை வர மாட்டேங்குது."

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளை உள்ளே கொண்டு போயிருந்தார்கள். வால்வின்மேல் கட்டி பிடித்திருக்கிறது, அதில் ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருக்கிறது என்றார் டாக்டரம்மா. மருந்து ஏற்றிக் கட்டியைக் கரைக்கப் பார்ப்போம், கரையாவிட்டால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும், இரண்டாம் தடவை திறப்பதில் ஆபத்து அதிகம் என்றார். "மாத்திரையைச் சரியாப் போடறாங்களா? நெம்பர் ஒண்ணரைதான் இருக்குது."

எனக்கு வந்ததே கோபம். பத்து நாளுக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில் மூன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். அட்டையை நானே வாங்கிப் பார்த்தேன். நேராக ரத்தம் எடுக்கிற இடத்துக்குப் போனேன். "உங்க மெஷின் என்ன லட்சணத்துல ஓடுதுங்க? அன்னைக்குத் தப்பா, இன்னைக்குத் தப்பா?" அங்கிருந்த நர்ஸ் என் மகள் வயசு இருப்பாள். "ரெண்டு தடவை பாத்தாச்சுங்க மேடம். மெஷின் சரியாத்தானுங்க இருக்குது" என்றாள் பொறுமையாக. அந்தப் பொறுமை எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. மருந்துக்கடைக்காரன் போலி மாத்திரை கொடுத்துவிட்டான் என்றேன். மாமா மறந்துவிட்டார் என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

அக்கா இருந்த அறைக்குள் எங்களை விடவில்லை. துணிமணி எடுத்துவர மாமாவோடு அவர் வண்டியில் சோமனூர் போனேன். அங்கே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பாவு நூல் ஏற்றின வேலை, நிறுத்த முடியாது என்று தறிக்காரர்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு வெந்நீர்ப் பிளாஸ்க் தேடிச் சமையலறைக்குப் போனேன். உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா. மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக முகர்கிற வாசனை எனக்குத் தெரியாதா? பச்சைப் பசேல் என்று முருங்கைப் பொடி, பாதி டப்பா காலி.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசலுக்குப் போனேன். "இது என்னங்க மாமா?"

"அதுங்களா, நீங்க சொன்ன பொடிதானுங்க அம்மணி. முட்டிவலிக்கு. காத்தால ரெண்டு ஸ்பூன், வெந்நீர்ல. நெம்ப நல்லாக் கேக்குதுன்னு சொன்னா." அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. மச்சினிச்சி விஞ்ஞானி என்ற பெருமை.

"நானா? நானா சொன்னேன்? கீரையே ஆகாதுன்னு நான் தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கறேன், நீங்க மலையாட்டம் பொடியைக் கரைச்சுக் கரைச்சு ஊத்தியிருக்கீங்க! எங்க அக்காளைக் கொல்லப் பாத்தீங்களா?" நான் கத்திக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நின்றன. கடைசி வார்த்தை அந்த வீதி முழுக்கக் கேட்டிருக்கும். தறிக்காரர்கள் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு நூலைப் பார்த்தார்கள்.

மாமா கோபப்படவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்புடி இல்லீங்க அம்மணி. அவ கரெக்டாத்தான் இருந்தா. டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே பொடியை நிறுத்திப்போடுவா. கீரை, கருவேப்பிலை, கொத்தமல்லி ஒண்ணையும் கிட்டச் சேக்க மாட்டா. டெஸ்டு முடிஞ்சு வந்துதான் மறுபடி குடிப்பா. அதுல ஒரு நாளும் பிசகுனதில்லீங்க."

டப்பாவோடு படியில் உட்கார்ந்து, மாதத்தை வாரம் வாரமாகக் கணக்குப் போட்டேன்.

அச்சடித்த மாதிரி வந்த அந்த எண்கள் எல்லாம் ஒரு வாரத்து எண்கள். மாதத்தில் மூன்று வாரம் பொடி உள்ளே போய் எண் ஒன்றரைக்கு இறங்கிக் கிடந்திருக்கிறது. கட்டி பிடிக்க அது போதும். நாலாவது வாரம் பொடி நின்று, எண் மூன்றுக்கு ஏறி, நல்ல பிள்ளையாக அட்டையில் உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் அதைப் பார்த்து, மாத்திரை சரியாக இருக்கிறது, இதே அளவு போடுங்கள் என்று அனுப்பியிருக்கிறார். நான் அதைப் பார்த்துப் பெருமை அடித்திருக்கிறேன். என் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி, அளக்கிற நாளுக்கு மட்டும் சாற்றை நிறுத்திவிட்டு அளந்து கொண்டுவந்திருந்தால், அந்த நோட்டை அவள் முகத்திலேயே வீசியிருப்பேன்.

ஆனால் இதை யார்தான் செய்யவில்லை? எங்கள் கல்லூரியில் வருடத்துக்கு ஒரு தடவை மருத்துவ முகாம் நடக்கும். அதற்கு மூன்று நாள் முன்பிருந்து ஆசிரியர் அறையில் ஒருத்தரும் பஜ்ஜி தொட மாட்டார்கள், காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பார்கள். ரத்தம் கொடுத்த கையோடு கேன்டீனுக்கு ஓடுவோம். நானும்தான் ஓடுவேன். ரிப்போர்ட் என்றால் நமக்கு அது பரீட்சை. டாக்டரிடம் நல்ல மார்க் வாங்க வேண்டும், திட்டு வாங்கக் கூடாது. உடம்பு என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்குத்தான் அந்தப் பரிசோதனை என்பது படித்த எங்களுக்கே மண்டையில் ஏறவில்லை.

மூன்றாவது நாள் கட்டி கரைய ஆரம்பித்துவிட்டது, நெஞ்சைத் திறக்க வேண்டாம் என்றார்கள். அன்று சாயங்காலம் என்னை உள்ளே விட்டார்கள். மூன்று நாளாக அக்காவிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அத்தனையும் திட்டு. வாசலில் நர்ஸ், "சத்தம் போடாமப் பேசுங்க மேடம்" என்றாள். அவளுக்கும் என்னைத் தெரிந்துவிட்டது.

அக்காவுக்குப் பேச்சு திரும்பியிருந்தது. கொஞ்சம் இழுத்தது, வலது கை விரல்கள் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "மாமாவைத் திட்டாத கண்ணு. நான்தான் வாங்கச் சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்னக்கா?"

"கேட்டா நீ சத்தம் போடுவே."

"அதுக்குன்னு டெஸ்டுக்கு முன்னாடி மட்டும் நிறுத்துவியா? அது எப்படி..."

"நெம்பரு தப்பா வந்தா எல்லாத்து முன்னாடியும் பேசுவியே கண்ணு. அன்னைக்கு வராந்தாவுல அத்தனை சனம் பாத்துச்சு. அந்தக் கம்பவுண்டரு எங்க ஊருப் பையன். நெம்பரு நல்லா வந்தா உன்ற மூஞ்சி எத்தனை நல்லா இருக்கும் தெரியுமா? டிபன் வாங்கித் தருவே, பஸ் ஏத்தியுட்டுக் கையாட்டுவே. அதுக்கோசரம்தான்."

ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டு வேறொன்று கேட்டேன். "சரி, நான் வேண்டாம்னு எத்தனை தடவை சொல்லியிருக்கறேன். அப்புறமும் எதுக்கு அந்தக் கெரகத்தைக் குடிச்சே?"

"நீதான சொன்னே, வீடியோல." அவள் வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தாள். "எத்தனை நல்லாச் சொன்னே. மெதுவா, சிரிச்ச மொகமா. எனக்குன்னே சொல்றாப்புல இருந்துச்சு. நீ என்கிட்ட அப்படிப் பேசி எத்தனை நாளாச்சு? தினமும் காத்தால ஒருக்காப் போட்டுக் கேப்பேன். அப்புறந்தான் பொடியைக் கரைப்பேன்."

அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

வெளியே வந்து அழுதேன். அழுத கையோடு, அந்த வீடியோவை வெட்டினவனைத் தேடிப் பிடித்துச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்தான் வந்தன. துறைத் தலைவரிடம் போய், கல்லூரி பெயரில் ஒரு மறுப்பு வெளியிடலாம் சார் என்றேன். "எதுக்குங்க மேடம் வம்பு? நல்ல விதமாத்தானே பேரு வந்திருக்கு" என்றார். சரி, நீங்களும் உங்கள் பேரும் என்று நானே என் போனில் ஒரு வீடியோ எடுத்துப் போட்டேன். முருங்கை நல்ல கீரை, எல்லாரும் சாப்பிடலாம். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டருக்குத் தெரியாமல் பொடியைத் தொடாதீர்கள், ஆபத்து என்று சொன்னேன். இந்தத் தடவை தொண்டை நன்றாக இருந்தது, கோபமும் இருந்தது.

நாலே நாளில் அதையும் வெட்டிவிட்டார்கள். "முருங்கை ஆபத்து! பெண் விஞ்ஞானி எச்சரிக்கை!" மூலனூரிலிருந்து ஒரு விவசாயி போன் செய்து, "ஏனுங்க, போன வருசம் எங்க மேடையில ஏறி மருந்துன்னீங்க, இந்த வருசம் வெசம்ங்கறீங்க. எங்க வெள்ளாமைல மண்ணைப் போடத்தானுங்களா படிச்சீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் அவர் கேட்டது: "அப்ப எத்தனை ஸ்பூனுங்க சாப்பிடலாம்?"

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா அக்காவிடம் தெளிவாகச் சொன்னார். பொடி வேண்டாம். கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள், அதற்கு ஏற்ற மாதிரி மாத்திரையை நாங்கள் வைத்துக்கொள்கிறோம். டெஸ்டுக்காக எதையும் நிறுத்தாதீர்கள், எதையும் மறைக்காதீர்கள். முட்டிக்கு வேறு வைத்தியம் எழுதிக் கொடுத்தார். கடைசியாக என் பக்கம் திரும்பி, "நீங்களும் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார். எதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் பரிசோதனை. அக்கா பஸ்ஸில் வந்தாள், மாமாவும் கூட வந்திருந்தார். விரல்கள் முக்கால்வாசி சரியாகிவிட்டன. கையெழுத்து மட்டும் கோணுகிறது. அதே வராந்தா, அதே பெஞ்சு. இந்த முறை அட்டையை அவளே போய் வாங்கட்டும் என்று நான் எழவில்லை. அவள் வாங்கி, அங்கேயே நின்று படித்தாள். படித்ததும் அவள் கண் நேராக என் முகத்துக்கு வந்தது. எண் இறங்கியிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

உள்ளேயிருந்து குபுக்கென்று கிளம்பியது. இத்தனை பட்டும் இவளுக்குப் புத்தி வரவில்லையே, மறுபடி எதைத் தின்று தொலைத்தாள், எத்தனை தடவை, எத்தனை தடவை. பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் வந்து பக்கத்தில் உட்காரும்வரை காத்திருந்தேன். பிறகு, எனக்கே கேட்காத குரலில், "இந்த மாசம் என்னக்கா சாப்பிட்டே?" என்று கேட்டேன்.

அவள் திடுக்கிட்டுப் போய் என்னைப் பார்த்தாள். "ஏங்கண்ணு, தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்லக்கா. நல்லாத்தான் இருக்குது."

மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மஞ்சள் அட்டையை என்னிடம் கொடுக்காமல் மடியிலேயே கவிழ்த்து வைத்து, அதன்மேல் அந்த வலது கையை வைத்துக்கொண்டு, "திட்ட மாட்டேன்னு சொல்லு, சொல்றேன்" என்றாள்.